மலையை விட்டு நீங்காத பாம்புகள்

எந்த நாடு, எந்த ஊர் என்ற வினா புலம்பெயர்ந்தவர் எவரையும் விட்டபாடில்லை. தஞ்சக் கோரிக்கைப் படிவம் தொடக்கம் அடுத்த வீட்டு முதியவரின் நலவிசாரிப்பு வரை அது எம்மைப் பின்தொடர்கின்றது. படிவத்தில் ஊர்ப்பெயரின் ஓரெழுத்துப் பிழைத்துவிட்டால், அதைத் திருத்துவதற்கு எத்தனை கடிதங்கள் எழுதவேண்டும், எத்தனை காலம் காத்திருக்கவேண்டும் என்பதை வாசகர்கள் நன்கறிவார்கள். பிறந்த இடம் பிழையாகப் பதியப்பட்டு, அந்தப் பிழையுடனேயே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக ஏடுகளில் வாழ்ந்துவரும் சில உயிரினங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

'ரைனோபிஸ் பிலிப்பைனஸ்' என்பது ஒரு பாம்பின் விஞ்ஞானப் பெயர். பெயரைக் கேட்போர் அது பிலிப்பைன்ஸ் நாட்டுக்குரியது என்றே எண்ணுவர். ஆயின் அந்நாட்டின் எந்தத் தீவிலும் அப்பாம்பு இல்லை. இலங்கையின் நடுப்பகுதி மண்ணுக்குள் மட்டுமே அது வாழ்கின்றது. இதற்கு நேர்மாறான இன்னொரு வழக்கும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் குவியே 1829ஆம் ஆண்டில் ஒரு பாம்புக்கு 'யூரோபெல்ற்றிஸ் சிலானிக்கா', அதாவது இலங்கைக்குரியது, என்று பெயர் சூட்டினார். அப்பாம்போ இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கே உரியது. இலங்கையில் அது கிடையாது. ஒன்று தான் காணாத தீவின் பெயரையும், மற்றையது கடலுக்கு அப்பாலுள்ள அயல்நாட்டின் பெயரையும் சுமக்கின்றன.

பிழை தெரிந்த பின்னரும் ஏன் திருத்தவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். முறைப்படி முதலிற் சூட்டப்பட்ட பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியற் பெயரீட்டின் அடிப்படை விதி. குறிக்கப்பட்ட இடம் பிழையானது என்பது மட்டும் ஒரு பெயரை நீக்குவதற்குப் போதிய காரணமாகாது. இவற்றுக்குப் பெயரிட்டவர்கள் இந்த மலைகளில் ஏறியவர்களல்லர். கப்பலில் வந்துசேர்ந்த போத்தலையும் அதன்மீது ஒட்டியிருந்த குறிப்பையும் நம்பி எழுதியவர்கள்.

கேடயத்தை வாலில் ஏந்தியவை

இவ்விரு பாம்புகளும் 'யூரோபெல்ற்றிடே' என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழில் இவற்றைக் கேடயவாற் பாம்புகள் எனலாம். உலகில் இக்குடும்பத்தின் ஏறத்தாழ 60 இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. அவை தீபகற்ப இந்தியா, இலங்கை ஆகிய இரு நிலப்பகுதிகளுக்கு வெளியே எங்குமே இல்லை. பெரும்பாலானவை மலைவாழ் இனங்கள். ஈரமண்ணும் சருகும் மண்புழுவும் உள்ள குளிர்ந்த சரிவுகளே இவற்றின் உலகம்.

பாம்பு என்றதும் எழும் அச்சத்துக்கு இங்கே இடமில்லை. இவற்றுக்கு நஞ்சு இல்லை. கையில் எடுத்தாற் கடிக்கவும் முயல்வதில்லை. மோதிரம்போல் விரலைச் சுற்றிக்கொள்ளும். பெரும்பாலானவை ஒரு முழ நீளத்தை எட்டுவதில்லை. தலை கூம்பி, முனை கூர்ந்திருக்கும். கண்கள் செதிலின் கீழ் இரு கரும்புள்ளிகளாக மட்டுமே தெரியும். வாலோ திடீரென வெட்டப்பட்டதுபோல் முடியும். பல இனங்களில் அந்த வெட்டுமுனையிற் சொரசொரப்பான கேடயம் ஒன்றுண்டு. அதில் மண் அப்பிக்கொண்டு, பாம்பு செல்லும் சுரங்கத்தைப் பின்னாலிருந்து அடைக்கும் மூடியாகின்றது. துரத்திவரும் பகைக்கு எதிர்ப்படுவது மண் மட்டுமே. இந்த மொண்ணை வாலைக் கண்டே இதற்கு இரண்டு தலைகள் என்ற கதையும் பிறந்திருக்கவேண்டும். இவை முட்டையிடுவதில்லை, குட்டிகளை ஈனுகின்றன.

மேற்றோலின் மினுக்கமும் தனித்துவமானது. வெளிச்சத்தில் வானவில்லின் நிறங்கள் அதன்மேல் ஓடும். செதில்களின் நுண்ணிய அமைப்பினால் விளையும் இந்த மினுக்கம் ஈரமண் உடலில் ஒட்டாமற் காக்கும் அமைப்புடன் தொடர்புடையது என்று ஆய்வாளர் விளக்குவர். நாள் முழுவதும் சேற்றிற் கிடந்தும் துப்புரவாக வெளிவருவதன் இரகசியம் அதுவே.

ஓர் அகதிச் சிறுவனின் கேள்வி

கால்களுமில்லை, நகங்களுமில்லை. ஒரு விரலளவு பருமனே உள்ள பாம்பு இறுகிய மலைமண்ணை எவ்வாறு துளைக்கின்றது? இதற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் கார்ல் கான்ஸ். அவருடைய வாழ்க்கை எமது வாசகர்களுக்கு அந்நியமானதன்று. 1923ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்த அவர், நாற்சிகளின் கொடுமை முற்றிய 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவை அடைந்தார். முதலிற் பயின்றது இயந்திரப் பொறியியல். பின்னரே விலங்கியலுக்குத் திரும்பிப் பேராசிரியரானார். 2009ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

பொறியியலாளரின் கண்ணோடு அவர் இப்பாம்பை நோக்கினார். உடலின் முன்பகுதித் தசைகள் செந்நிறமானவை. ஒட்சிசனைத் தேக்கிவைத்துக் களைப்பின்றி நெடுநேரம் இயங்கவல்லவை. பின்பகுதித் தசைகள் வெளிறியவை. முன்பகுதியின் முள்ளந்தண்டு தோலுக்குள்ளேயே வளைந்து மடியும்போது உடல் பருத்துச் சுரங்கச் சுவரை அழுத்திப் பற்றிக்கொள்கின்றது. அந்தப் பிடியிலிருந்து தலை முன்னோக்கி உந்தப்படுகின்றது. பின்னுடல் இழுபட்டு வருகின்றது. 1978ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' ஆய்விதழில் தம் சகாக்களுடன் எழுதிய கட்டுரையில் இதனைச் சரக்குப் புகையிரதத்துக்கு அவர் ஒப்பிட்டார். முன்னே இயந்திரம், பின்னே இழுபடும் பெட்டிகள். பிறந்த நகரை இளவயதிலே விட்டுப் புறப்பட்ட ஒருவர், பிறந்த சரிவைவிட்டு நீங்கவே நீங்காத ஓர் உயிரின் இயக்கத்தை இத்தனை பொறுமையுடன் ஆராய்ந்திருக்கின்றார்.

கண்டவர்களும் பெயர் பெற்றவர்களும்

இம்மலைப் பாம்புகளைத் தேடியவர்களின் வரிசையில் முதலிற் குறிப்பிடவேண்டியவர் கேணல் பெடோம். 1830 முதல் 1911 வரை வாழ்ந்த இவர், 1860 தொடக்கம் 1882 வரை சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்தவர். ஆனைமலை, நீலகிரி, பழனிமலை, சிறுமலை, வயநாடு என்று மலைமலையாக அலைந்து, இக்குடும்பத்தின் பல இனங்களை முதன்முதலில் விவரித்தார். வயநாட்டிலிருந்து அவர் 1870ஆம் ஆண்டில் விவரித்த இருகோட்டுக் கரும்பாம்பு இன்றும் மிகச் சில மாதிரிகள் வாயிலாகவே அறியப்படுகின்றது. அவர் சேகரித்தவற்றுட் பல, இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் மதுசாரம் நிரப்பிய போத்தல்களில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு டைனோசர் எலும்புக்கூடு காட்ட அங்கே செல்லும் எம்மவர் பலர், அதே வளாகத்தின் உட்சேமிப்பறைகளில் தென்னாட்டு மலைகளின் பாம்புகள் உறங்குவதை அறியார்.

இலங்கையில் இப்பணியை முன்னெடுத்தவர் பிராங்க் வோல். மலைநாட்டின் நுவரெலியாவிற் பிறந்து, இந்திய மருத்துவ சேவையிற் பணியாற்றிய இவர், இலங்கைப் பாம்புகள் பற்றிய பெருநூலை 1921ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் பெயரிட்ட ஊவாப் பகுதிக் கேடயவாற் பாம்பொன்று, ட்ரமண்ட்-ஹே என்ற தோட்டத்துரையின் பெயரைத் தாங்குகின்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. மண்ணுக்கு வெளியே அரிதாகவே தலைகாட்டும் இப்பாம்பு துரைமாரின் கைக்கு எப்படி வந்தது? கான் வெட்டியவரும், கன்று நடக் குழி தோண்டியவரும், முள்ளுக்குத்தியால் மண் கிளறியவரும் துரைமார் அல்லர். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்டு, லயக் காம்பிராக்களில் அடைக்கப்பட்ட எமது மக்களே அம்மண்ணைப் புரட்டியவர்கள். மண்வெட்டியின் நுனியில் நெளிந்த பாம்பை முதலிற் கண்ட கண்கள் அவர்களுடையவையாகத்தான் இருந்திருக்கும். அவர்களுடைய பெயர் எந்தப் பாம்புக்கும் சூட்டப்படவில்லை.

இதை வெள்ளைக்காரர் மீதான குறையாக மட்டும் சொல்லி நாம் தப்பிவிட முடியாது.

தலவாக்கலைப் பக்கத்தில் நான்கு நாட்கள்

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், உரிய அனுமதி பெற்று, விலங்கியல் மாணவர் குழுவொன்றுடன் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தோம். நோக்கம் கேடயவாற் பாம்புகளைத் தேடுவது. ஏனைய பாம்புகளை இரவில் விளக்கேந்தித் தேடலாம். இவற்றை அப்படித் தேட இயலாது. கல்லைப் புரட்டவேண்டும், உளுத்த மரத்தை உருட்டவேண்டும், மண்ணைச் சாண் ஆழம் வரை கிளறவேண்டும், கிளறியதை மீளவும் மூடவேண்டும். மூன்று நாட்கள் காடோரச் சரிவெங்கும் வெட்டினோம். கைகள் கொப்புளித்தன. அகப்பட்டவை மண்புழுக்களும் இரண்டு தேரைகளுமே.

நான்காம் நாட் காலை, லயத்தின் பின்புறக் காய்கறிப் பாத்தியில் வேலைசெய்துகொண்டிருந்த அறுபது வயது மதிக்கத்தக்க தாயொருவர் எம்மை அழைத்தார்.

"என்ன சார், மூணு நாளா அந்த மேட்டயே வெட்டிக்கிட்டு இருக்கீங்க?"

காரணத்தைச் சொன்னோம். அவர் சிரித்தார்.

"அங்க வெட்டுனா வராதுங்க. புழு இருக்குற எடத்துலதான் அது இருக்கும். மழை விட்டு ரெண்டு நாள் போகணும். இங்க, குப்பமேட்டு ஓரத்துல பாருங்க."

மண்வெட்டியை ஓங்கி வெட்டாமல், பக்கவாட்டிற் சாய்த்து, மண்ணைச் சீவிச் சீவித் தள்ளினார். ஓங்கி வெட்டினாற் பாம்பு இரு துண்டாகும் என்பதை எம்மிலும் நன்றாக அவர் அறிந்திருந்தார். அரைமணி நேரத்தில் இரண்டு பாம்புகள் வெளிவந்தன. கருமேனி, விலாவில் மஞ்சட் கீற்றுகள், வாலடியில் மஞ்சள் வளையம். ஒன்றை எடுத்து ஒரு மாணவியின் கையிலே வைத்தார். பிள்ளை முதலில் நடுங்கினாள். பாம்பு விரலைச் சுற்றிக்கொண்டதும் நடுக்கம் நின்றது.

"இதுக்கு என்ன பெயர் சொல்லுவீங்க, அம்மா?" என்று கேட்டோம்.

"ரெண்டு தலப் பாம்புன்னு சொல்லுவாங்க. ரெண்டு தலயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அக்கா கோத்தகிரியில இருக்கு சார், சாஸ்திரி ஒப்பந்தத்துல போனது. அங்கயும் தேயில மண்ணுல இருக்காம். ஆனா இது இல்லயாம். அது பழுப்பாம், வேற மாதிரியாம்."

நாம் அளந்தோம், படம் எடுத்தோம், குறிப்பெழுதினோம். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாத்தாச்சுன்னா எடுத்த எடத்துலயே உட்டுருங்க சார். அதுக்கு வேற எடம் தெரியாது."

ஒரு தாயின் சொல்லும் ஓர் ஆய்வின் முடிவும்

அந்தத் தாய் போகிறபோக்கிற் சொன்ன செய்தி விஞ்ஞானத்துக்கு மிக முக்கியமானது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது. பனியுகங்களிற் கடல்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் இரு நிலங்களும் தரைவழி இணைந்திருந்தன. எனவே இருபுறத்து உயிரினங்களும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டது. 2004ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, தவளைகள், நன்னீர் நண்டுகள், கேடயவாற் பாம்புகள் முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு இந்த நம்பிக்கையை அசைத்தது. தரைவழி திறந்திருந்தும் இவை பெரும்பாலும் கடந்து செல்லவில்லை. தத்தம் மலையிலேயே தங்கித் தனித்தனியே கிளைத்துள்ளன.

காரணம் விளங்குவது எளிது. மலைச்சரிவின் ஈரமண்ணுக்குப் பழகிய பாம்புக்கு, இரு மலைகளுக்கு இடைப்பட்ட வெப்பமான வறண்ட சமவெளி ஒரு கடலுக்கு ஒப்பானது. ஒவ்வொரு சிகரமும் ஒரு தீவு. ஆகவேதான் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பாம்பு. நீலகிரியில் தோட்ட மண்ணிற் சாதாரணமாகக் காணப்படும் கேடயவாற் பாம்பு இலங்கையில் இல்லை. இலங்கையிலுள்ள பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் நீலகிரியில் இல்லை. 2011ஆம் ஆண்டிற்கூட இலங்கை மலைநாட்டிலிருந்து இரு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. 2013ஆம் ஆண்டில் தமிழகத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து இன்னுமொன்று விவரிக்கப்பட்டது.

பாம்பு கடக்காத வழியை மனிதர் கடக்க நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவ்வாறு அனுப்பப்பட்டோரிற் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியேற்றப்பட்டனர். ஒரு மலையின் மண்ணை வெட்டிய அதே கைகள் கடல் கடந்து இன்னொரு மலையின் மண்ணை வெட்டின. இரு மலைகளின் பாம்புகளையும் கண்டு, அவை வேறுவேறு என்று தெளிந்து, மடல் எழுதியும் ஊருக்கு வந்துபோகையிற் கதைத்தும் உறவினருக்குச் சொன்னவர்கள் அவர்கள். ஆய்வுகூடத்தின் உதவி அதற்கு வேண்டியிருக்கவில்லை.

இழப்பு எத்தகையது?

ஒரு மலைக்கு ஒரு பாம்பு என்பதிலேதான் ஆபத்தும் அடங்கியுள்ளது. பரந்து வாழும் ஓரினம் ஓரிடத்தில் அழிந்தால் இன்னோரிடத்தில் எஞ்சும். இவற்றுக்கு அந்த ஆறுதல் இல்லை. சரிவொன்றின் காடு வெட்டப்பட்டு மேல்மண் மழையில் அள்ளுண்டு போனால், அதனுடன் ஓரினமே போய்விடலாம். மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவரும் பாம்புகள் மலைப்பாதைகளில் வாகனச் சில்லுகளில் நசிந்து மாள்கின்றன. இரு தலைப் பாம்பு என்ற அச்சத்தாலும் பல அடித்துக் கொல்லப்படுகின்றன.

தேடுவோருக்கும் இது இலகுவான பணியன்று. தமிழகத்தின் ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியன் பூபதி, 2014ஆம் ஆண்டில் அகத்தியமலைப் பகுதியிற் களப்பணியின்போது நேர்ந்த விபத்தையடுத்து உயிரிழந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டி மலைப்பகுதியிலிருந்து 2018ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட புதிய கேடயவாற் பாம்புக்கு அவருடைய பெயரைச் சூட்டியிருக்கின்றார்கள். அவர் பணியாற்றிய ஆய்வு மையமும் அந்த ஆனைகட்டியிலேயே உள்ளது. துரைமாரின் பெயர்களும் பிழையான நாடுகளின் பெயர்களும் நிறைந்த பட்டியலில், அம்மண்ணில் உழைத்த ஒருவரின் பெயர் இடம்பெற்றமை மனதுக்கு நிறைவளிக்கின்றது.

எமது குறிப்பேட்டிலுள்ள பிழை

அன்று தலவாக்கலைப் பக்கத்தில் எழுதிய குறிப்பேடு இடப்பெயர்வுகளுக்கெல்லாம் தப்பி இன்றும் எம்மிடம் இருக்கின்றது. அண்மையில் அதைப் புரட்டிப் பார்த்தோம். இடம், உயரம், மண்ணின் தன்மை, மழை விட்டு எத்தனை நாள், பாம்பின் நீளம், செதில்களின் எண்ணிக்கை யாவும் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன. 'கண்டெடுத்தவர்' என்ற நிரலில் எமது துறையின் பெயர் இருக்கின்றது. அந்தத் தாயின் பெயர் இல்லை. அவருடைய பெயரைக் கேட்கவேண்டும் என்று அன்று எமக்குத் தோன்றவே இல்லை.

இடக்குறிப்பு இல்லாத மாதிரி விஞ்ஞானத்துக்குப் பயனற்றது என்று மாணவர்களுக்குப் பலமுறை படிப்பித்திருக்கின்றோம். ஆட்குறிப்பு இல்லாத அறிவைப் பற்றி ஒருமுறையேனும் படிப்பித்ததில்லை. இன்று அந்நிய நாட்டு அலுவலகங்களில் எமது பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போதெல்லாம் அந்த வெற்றிடம் நினைவுக்கு வருகின்றது.

இப்பத்திரிகையின் வாசகர்களுள் மலையகத்திற் பிறந்தவர்கள் இருக்கின்றார்கள். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது தோட்டங்களைவிட்டு வன்னிக்கு ஓடி, அங்கிருந்தும் இடம்பெயர்ந்து, இன்று பனி விழும் நகரங்களில் வாழும் குடும்பங்களும் உள்ளன. உங்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் இந்த மண்ணுக்குள் வாழும் பாம்பை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில், என்ன நிறத்திற் கண்டார்கள்? கண்டால் அடித்தார்களா, மண்ணிலேயே விட்டார்களா? வீட்டு முதியவர்களிடம் கேட்டு, சொன்னவரின் பெயரையும் ஊரையும் பிழையின்றிக் குறித்து எமக்கு எழுதுங்கள். வந்துசேரும் கடிதங்களை அவர்களுடைய பெயருடனேயே இப்பக்கத்தில் வெளியிடுவோம்.